மீனோடு நிறுத்திவிடாதீர்கள்: சேகரக் கமிட்டியாருக்கும் ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான சேகர குருவானவர்களுக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும், ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளர்களுக்கும் ஸ்தோத்திரம்.

காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தலாமா என்ற பேச்சு பல சேகரங்களில், அதாவது ஒரு குருவானவரின் கீழுள்ள சபைத் தொகுதிகளில், அடிபடுகிறது. மே மாதத்துப் பத்து நாள் வி.பி.எஸ்.ஸுக்கு ஆசிரியர்கள் கிடைப்பதில்லை, வெயில் தாங்கவில்லை, பாதிப் பிள்ளைகள் பாட்டி ஊருக்குப் போய்விடுகிறார்கள். நான்கே நாளில் சுருக்கமாக நடத்துவோம் என்கிறீர்கள். நல்ல யோசனை. ஆனால் பத்து நாளுக்கான பாட்டு, பவனி, வசனப் போட்டி, கலை நிகழ்ச்சி எல்லாவற்றையும் அந்த நான்கு நாளுக்குள் திணித்தால் பாடம்தான் முதலில் வெளியே தள்ளப்படும். ஆகவே ஒரே ஒரு புத்தகத்தை எடுத்து, அதற்கு மேல் எதையும் எடுக்காமல் எப்படி நடத்துவது என்று இங்கே எழுதுகிறோம்.

எடுக்கவேண்டிய புத்தகம் வேதாகமத்திலுள்ள யோனா: நினிவே நகரத்துக்குப் போ என்ற தேவனுக்குக் கீழ்ப்படியாமல் கப்பலேறி ஓடி, புயலில் கடலில் எறியப்பட்டு, மீனால் விழுங்கப்பட்ட தீர்க்கதரிசியின் கதை. நான்கு அதிகாரம், 48 வசனம், நான்கு நாள். தொடக்கம் முதல் முடிவு வரை சத்தமாக வாசித்தால் பத்து நிமிடம்கூட ஆகாது. தீர்க்கதரிசன புத்தகங்களில் இப்படி முழுக்க முழுக்கக் கதையாக இருப்பது இது ஒன்றுதான். பிள்ளைகளுக்கு ஏற்கனவே தெரிந்த கதை என்பது உங்கள் முதல் தடையாக இருக்கும். தெரிந்ததெல்லாம் மீன்வரைக்கும்தான். “கீழ்ப்படியாவிட்டால் மீன் விழுங்கிவிடும்” என்று மிரட்டுவதற்கு வசதியான ஒரு பாதிக் கதையைத்தான் நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறோம். உண்மையில் மீன் தண்டனையாக வரவில்லை. கடலில் தூக்கிப் போடப்பட்டவன் மூழ்கிச் சாகாமல் இருக்க வந்தது அது. இரண்டாம் அதிகாரத்து ஜெபம் முழுக்க உயிர்பிழைத்தவனின் நன்றி. புத்தகம் போய்ச் சேருகிற இடமோ நான்காம் அதிகாரம்: எதிரிகள் மன்னிக்கப்பட்டதைப் பொறுக்கமுடியாமல் ஊருக்கு வெளியே கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு ஊழியக்காரன், அவனிடம் பொறுமையாகக் கேள்வி கேட்கிற தேவன். முதல் நாளிலிருந்து திட்டம் போட்டால் நான்காம் நாளுக்கு நேரம் மிஞ்சாது. கடைசி வசனத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். இந்த மடல் முழுக்கச் சொல்லப்போவது அதைத்தான்.

முதலில் ஒரு ஆயத்தக் கூட்டம். அதில் டி-ஷர்ட் நிறம், ஃபிளெக்ஸ் அளவு எதுவும் பேசவேண்டாம். ஆசிரியர்கள் எல்லாரும் உட்கார்ந்து நான்கு அதிகாரத்தையும் தமிழ் வேதாகமத்தில் வாசியுங்கள். இதைச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஆசிரியர்களில் பலர் ஆங்கிலப் பாடப்புத்தகத்தையோ இணையத்தில் எடுத்த படத்தையோ வைத்து ஆயத்தம் செய்கிறார்கள். அந்தப் படங்களில் திமிங்கிலம் இருக்கும். நம் வேதாகமத்தில் இருப்பது “ஒரு பெரிய மீன்”. நான்காம் அதிகாரத்தில் யோனாவுக்கு நிழல் கொடுக்கிற செடி அந்தப் படங்களில் பூசணிக்கொடியாகத் தலைக்கு மேல் படர்ந்திருக்கும். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு அப்படிப் போயிற்று. நம் வேதாகமத்தில் அது ஆமணக்குச் செடி. ஊர்ப்பக்கம் வேலியோரத்தில் நிற்கிற அதே ஆமணக்கு! கையெட்டும் தூரத்தில் இருப்பதை விட்டுவிட்டுப் பூசணிக்கொடியை அச்சடித்துக் கொடுப்பது வீண்.

தமிழில் வாசித்தால் இன்னொன்றும் காதில் விழும். கர்த்தர் மீனுக்குக் கட்டளையிட்டார். ஆமணக்குச் செடியை முளைக்கக் கட்டளையிட்டார். ஒரு பூச்சியைக் கட்டளையிட்டார். உஷ்ணமான கீழ்க்காற்றைக் கட்டளையிட்டார். மீன் கேட்டது, செடி கேட்டது, புழுபூச்சி கேட்டது, காற்று கேட்டது. கேட்காதவன் தீர்க்கதரிசி ஒருவன்தான். இந்த நகைச்சுவையை ஆறு வயதுப் பிள்ளை உடனே பிடித்துக்கொள்ளும். பெரியவர்களாகிய நாம்தான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கதை சொல்கிறோம்.

நாட்களைப் பற்றி. செவ்வாய் முதல் வெள்ளி வரை வையுங்கள். திங்கட்கிழமை ஊரிலிருந்து திரும்புகிறவர்களுக்கு விட்டுவிடலாம். சனிக்கிழமை வைத்தால் டியூஷனும் கல்யாணவீடும் கடைசி நாளைத் தின்றுவிடும், கடைசி நாள்தான் நமக்கு முக்கியம். நேரம் காலை 9.30 முதல் 12 வரை. அதற்கு மேல் ஒரு நிமிடமும் கூடாது. பன்னிரண்டு மணிக்குப் பிறகு நடப்பதெல்லாம் பசித்த பிள்ளைகளை அதட்டுவதுதான். அக்டோபரை ஒட்டி நடத்துகிறவர்கள் மழைக்கு ஒரு கூரை பார்த்துவையுங்கள். ஷாமியானா வெயிலுக்குத்தான் ஆகும்.

அந்த இரண்டரை மணி நேரத்தில் பாட்டுக்கு இருபது நிமிடம், எல்லாருக்கும் பொதுவான கதைக்குப் பதினைந்து நிமிடம், வகுப்புகளுக்கு நாற்பது நிமிடம், தின்பண்டத்துக்கு இருபது, கைவேலை அல்லது விளையாட்டுக்கு முப்பது, வசனத்துக்கும் ஜெபத்துக்கும் பத்து. மீதி பதினைந்து நிமிடம் தானாகவே தொலையும்: செருப்பு தேடுதல், பாத்ரூம், இடம் மாறுதல். அந்தப் பதினைந்தைக் கணக்கில் எழுதாத அட்டவணை எதுவும் இதுவரை நேரத்துக்கு முடிந்ததில்லை.

ஐம்பது பிள்ளைகள் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிகினர்ஸ் வகுப்பில், அதாவது நான்கிலிருந்து ஆறு வயதுக்குள், எட்டுப் பிள்ளைக்கு ஒரு ஆசிரியர். பிரைமரிக்கும் ஜூனியருக்கும் பன்னிரண்டுக்கு ஒருவர். எந்த அறையிலும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கவேண்டும், கதவு திறந்திருக்கவேண்டும், யாரும் ஒரு பிள்ளையைத் தனியாக எங்கும் கூட்டிக்கொண்டு போகக்கூடாது. “நம்ம சபையிலே அப்படியெல்லாம் நடக்காது” என்று கமிட்டியில் ஒருவராவது சொல்வார். சொன்னாலும் இந்த விதியை எழுத்தில் வையுங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு குற்றம் நடந்ததாகத் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் உள்ளுக்குள் பேசி முடிப்பதே தண்டனைக்குரியது. தன் கீழ் வேலை செய்கிறவர் செய்ததை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098. அதைப் பெரிய எழுத்தில் அறையில் ஒட்டிவையுங்கள், பிள்ளைகள் வாசிக்கிற உயரத்தில்.

பெயர்ப்பதிவுத் தாளில் பிள்ளையின் பெயர், வயது, பெற்றோர் கைபேசி எண், ஒவ்வாத உணவு, யார் வந்து கூட்டிப்போவார்கள் என்ற ஐந்தும் போதும். புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் போடுவதற்குத் தனியாகச் சம்மதம் கேளுங்கள். கேட்காமல் போடுவது வழக்கமாகிவிட்டது. வழக்கம் என்பதால் சரியாகிவிடாது.

பக்கத்துத் தெருவிலிருந்து மற்ற மதத்துப் பிள்ளைகளும் வருவார்கள். வரட்டும். ஆனால் இது வேதாகமக் கதை சொல்லும் நிகழ்ச்சி என்று நோட்டீஸிலேயே தெளிவாக எழுதி, பெற்றோர் கையெழுத்தோடு வரச்சொல்லுங்கள். “ஓவியப் பயிற்சி முகாம்” என்று மறைத்து அழைப்பது அந்தப் பெற்றோரை ஏமாற்றுவது. கடைசி நாளில் கண்ணை மூடச்சொல்லி, “இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்” என்று பிள்ளைகளிடம் கேட்பதையும் விட்டுவிடுங்கள். ஏழு வயதுப் பிள்ளை டீச்சருக்குப் பிடிக்கும் என்பதற்காகக் கை தூக்கும், பக்கத்திலிருப்பவன் தூக்கினான் என்பதற்காகத் தூக்கும். அதை எண்ணி அறிக்கையில் எழுதுவதால் யாருக்கு என்ன பயன்? யோனாவின் கப்பலைப் பாருங்கள். அந்தக் கப்பற்காரர்கள் வேறு தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள். புயலில் ஜெபம் செய்தது அவர்கள், தூங்கியது தீர்க்கதரிசி. அவனைக் கடலில் போடாமல் கரைசேர்க்கத் தண்டுவலித்துப் பார்த்ததும் அவர்கள்தான். இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு அயல்வீட்டுப் பிள்ளையைக் குறைத்துப் பேச முடியாது. இஸ்லாமியப் பிள்ளை யாராவது வந்தால், “இது யூனுஸ் நபி கதைதானே” என்று அதுவே முந்திக்கொண்டு சொல்லிவிடவும் கூடும். ஆமாம் என்று தலையாட்டுங்கள்.

இனி நாள் நாளாக.

முதல் நாள் முதல் அதிகாரம். நினிவேக்குப் போ என்றால் தர்ஷீசுக்குக் கப்பலேறுகிறான். திசையைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது வீண். அவன் கப்பலேறிய யோப்பா துறைமுகம் இன்றைக்கு இஸ்ரேலில் டெல் அவிவோடு சேர்ந்திருக்கிற யாஃபா. நினிவேயின் இடிபாடுகள் இன்றைய ஈராக்கில், டைகிரிஸ் ஆற்றின் கிழக்குக் கரையில், மோசுல் நகரத்தோடு ஒட்டிக் கிடக்கின்றன. இரண்டுக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 900 கிலோமீட்டர். தர்ஷீசு நேர் எதிரே, மேற்கே, கடல்வழி. அறையின் கிழக்குச் சுவரில் “நினிவே” என்றும் மேற்குச் சுவரில் “தர்ஷீசு” என்றும் எழுதி ஒட்டுங்கள். காலையிலேயே சூரியனைப் பார்த்து நிச்சயித்துக்கொள்ளுங்கள். பலகையை மாற்றி ஒட்டிவிட்டு ஜூனியர் பையன் திருத்துவது வழக்கமாக நடப்பதுதான். “எழுந்து போ” என்றதும் எல்லாரும் கிழக்கே திரும்பி நிற்கவேண்டும், “யோனா என்ன செய்தான்?” என்றதும் மேற்கே ஓடவேண்டும். இரண்டு முறை செய்தால் முதல் மூன்று வசனம் உடம்பில் ஏறிவிடும்.

கப்பலுக்கு பெஞ்சைக் கவிழ்த்து மேலே ஏற்றாதீர்கள். விழுவார்கள். தரையில் கயிற்றால் 12 அடி நீளம், 5 அடி அகலத்தில் கப்பல் வடிவம் போடுங்கள். பதினைந்து பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு உட்காரலாம். பழைய நீலச் சேலை இரண்டு கேளுங்கள். ஒரு சேலை ஐந்தரை மீட்டர். பக்கத்துக்கு ஆறு பேராகப் பன்னிரண்டு பேர் பிடித்து மெதுவாக அசைத்தால் அலை. மழைக்கு உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டத் தொடங்கி, இரண்டு, மூன்று என்று ஐந்து விரலுக்கு ஏறுங்கள். ஐம்பது பிள்ளைகள் செய்தால் ஓட்டுக்கூரையில் மழை கொட்டுகிற சத்தம் வரும். நிறுத்துவதற்கு ஒரு அடையாளத்தை முன்கூட்டியே பழக்குங்கள். ஆசிரியர் இரண்டு கையையும் மேலே தூக்கினால் அமைதி. இதைப் பழக்காமல் புயலைக் கிளப்பினால் அமர்த்த ஆள் இல்லை.

யோனாவைக் கடலில் எறிகிற இடத்தை நடிக்கவேண்டாம். ஒரு பையனைத் தூக்கிப் போடுவது எப்படி முடியும் என்று சொல்லத் தேவையில்லை. கடற்கரைச் சபைகளில் இன்னும் ஒருபடி கவனம் வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியும், 2017 நவம்பர் 30-ல் கன்னியாகுமரிப் பக்கம் அடித்த ஒக்கிப் புயலும் அந்த வீடுகளில் இன்னும் பேசப்படுகிறவை. அப்பா கடலுக்குப் போயிருக்கிற பிள்ளைக்குப் புயல் விளையாட்டு விளையாட்டாக இருக்காது. அங்கே சேலையை விட்டுவிட்டு, கப்பற்காரர்கள் அந்நியன் ஒருவனைக் காப்பாற்றத் துடுப்பு வலித்ததைச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அது நம்மைவிட நன்றாகப் புரியும்.

முதல் நாளிலேயே இன்னொரு வேலை உண்டு. அதன் பலன் நான்காம் நாளில்தான் தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகிதக் குவளை, ஒரு பிடி ஈரப் பஞ்சு, ஐந்து பச்சைப்பயறு. ஐம்பது பேருக்கு 50 கிராம் பயறு தாராளம். முந்தின இரவே ஊறவைத்துவிடுங்கள். குவளையில் பெயர் எழுதி, எல்லாவற்றையும் ஒரு தட்டத்தில் அடுக்கி, செய்தித்தாளால் மூடி உள்ளே வையுங்கள். வெளியே வைத்தால் எறும்பும் அணிலும் பார்த்துக்கொள்ளும். தினமும் காலையில் பிள்ளையே ஒரு மூடி தண்ணீர் விடட்டும். ஒரு மூடிதான். தண்ணீர் தேங்கினால் பயறு அழுகி மூன்றாம் நாள் நாற்றம் எடுக்கும், அந்தப் பிள்ளை அழும். ஆகவே பெயரில்லாத குவளை ஆறேழு கூடுதலாக வளர்த்துவையுங்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கும் அதுதான்.

இரண்டாம் நாள் கடினமான நாள். பத்தே வசனம், முழுக்க ஜெபம், சம்பவம் ஒன்றும் இல்லை. இங்கேதான் ஆசிரியர்கள் இட்டுக்கட்டத் தொடங்குகிறார்கள்: மீனின் குடல், வாந்தி, நாற்றம் என்று. பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் பாடம் திரும்பி வராது. கதையை ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, மிச்ச நேரத்தைக் கைவேலைக்குக் கொடுங்கள். மீன் வயிற்றைக் காட்டுகிறேன் என்று மேஜைமேல் கம்பளியைப் போர்த்தி உள்ளே பிள்ளைகளை நுழைப்பதும் வேண்டாம்; வேர்த்துப் புழுங்கும், சின்னவை பயப்படும். விளக்கை அணைத்து, கண்ணை மூடி, ஒரு நிமிடம் சும்மா இருக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும். பிறகு “இராப்பகல் மூன்றுநாள்” என்று வாசியுங்கள்.

கைவேலைக்குப் பசையே தேவைப்படாத ஒன்றைச் சொல்கிறோம். 22-க்கு 28 அங்குல சார்ட் தாளில் ஏழு அங்குலச் சதுரம் பன்னிரண்டு கிடைக்கும். ஐந்து தாள் வாங்கினால் அறுபது துண்டு. ஐம்பது பேருக்குப் பத்து உபரி. சதுரத்தை இரண்டாக மடித்து, மடிப்பு மீனின் முதுகாக வரும்படி மீனை வரைந்து வெட்டவேண்டும். விரித்தால் வாழ்த்து அட்டைபோலத் திறக்கும். உள்ளே முழங்காலில் இருக்கிற யோனாவை வரைந்து, “இரட்சிப்பு கர்த்தருடையது” என்று எழுதட்டும். தவறு எப்போதும் ஒரே இடத்தில்தான்: மடிப்பையும் சேர்த்து வெட்டிவிட்டு இரண்டு தனி மீனோடு வந்து நிற்பார்கள். மடிப்போரத்தில் முன்கூட்டியே சிவப்புக் கோடு போட்டு, “சிவப்பைக் கத்தரி தொடக்கூடாது” என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். மூன்று பேருக்கு ஒரு முனைமழுங்கிய கத்தரி போதும். பிகினர்ஸுக்கு வெட்டியே கொடுத்து, மெழுகுக் கிரேயான் கொடுங்கள். ஸ்கெட்ச் பேனா கொடுத்தால் மூடி தொலையும், சட்டை போகும், அம்மாக்கள் வருவார்கள்.

ஜிகினா, தெர்மாகோல் இரண்டையும் ஆலயத்துக்குள் அனுமதிக்காதீர்கள். ஞாயிறு ஆராதனை வரைக்கும் பெருக்கிக்கொண்டிருக்க நேரிடும். எந்தக் கைவேலையானாலும் ஆசிரியர் ஒருவராவது கடிகாரத்தை வைத்துச் செய்து பார்த்திருக்கவேண்டும். பெரியவருக்கு ஐந்து நிமிடம் ஆனால் பிள்ளைக்கு இருபது.

மூன்றாம் நாள் ஓட்டமும் நடையுமான நாள். நினிவே மூன்று நாள் நடக்கிற தூரத்துக்குப் பெரிய நகரம் என்று வேதம் சொல்கிறது. பிள்ளைகளை ஆலயத்தைச் சுற்றி நடக்கவிட்டு, “இன்னும் நாற்பதுநாள் உண்டு” என்று நினிவேயின் அழிவைப் பற்றி யோனா எச்சரித்ததை வாசித்துவிட்டு உட்காரவையுங்கள். அதைக் கேட்ட ஊரார் துக்கத்தோடு உடுத்திக்கொண்ட “இரட்டு” என்ற சொல் எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. ஒரு கோணிச்சாக்கைக் கொண்டுவந்து தொட்டுப்பார்க்கக் கொடுங்கள். உறுத்துகிறது என்பார்கள், அதுதான் விளக்கம். ராஜா சிங்காசனத்தைவிட்டு இறங்கியதும், ஆடுமாடுகளுக்கும் இரட்டுப் போர்த்தியதும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். சீனியர் வகுப்புக்கு மட்டும் நினிவே எப்படிப்பட்ட ஊர் என்று சொல்லுங்கள். அசீரியரின் பெருநகரம் அது; யோனாவின் காலத்துக்குப் பின், கி.மு. 722 வாக்கில் சமாரியாவைப் பிடித்து இஸ்ரவேலரைச் சிறைகொண்டுபோனவர்கள் அவர்கள்தான். யோனாவின் கோபத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. அதைச் சொல்லாமல் அவனை வெறும் அடம்பிடிக்கிறவனாகக் காட்டினால் நான்காம் நாள் பாடம் எடுபடாது.

மூன்றாம் நாளில் புதிதாகப் பத்துப் பிள்ளைகள் வந்து சேருவார்கள். திட்டமே குலைந்ததுபோல் இருக்கும். ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டி, ஒவ்வொரு நாளும் ஒரு படத்தை கிளிப் போட்டுத் தொங்கவிட்டு வாருங்கள். பழைய பிள்ளை ஒன்று எழுந்து இரண்டு நிமிடத்தில் படத்தைக் காட்டிக் கதையைச் சொல்லட்டும். ஆசிரியர் சொல்வதைவிடச் சுருக்கமாகவும் சரியாகவும் இருக்கும்.

நான்காம் நாள். அன்று காலை ஒன்பது மணிக்கு வேலியோரத்து ஆமணக்கிலிருந்து பெரிய இலைகளோடு ஒரு கிளை வெட்டிவாருங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை, இந்த மடலில் வேறெதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம். ஆமணக்கு விதை நஞ்சு. அதிலுள்ள ரிசின் மிகக் கொடியது. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பளபளப்பாக, புள்ளி போட்டு, பிள்ளைகள் கைவைக்கத் தூண்டும் அழகில் இருக்கும் அந்த விதை. ஆகவே காய்க்குலை எல்லாவற்றையும் செடியருகிலேயே ஒடித்துப் போட்டுவிட்டு இலைக்கிளையை மட்டும் கொண்டுவாருங்கள். பெரியவர் ஒருவர் பிடித்துக்கொள்ள, பிள்ளைகள் பார்க்கட்டும். தொட்டவர்கள் கை கழுவட்டும். முளைக்கவைக்க ஆமணக்கு விதை கொடுப்பது நல்ல யோசனை என்று எந்த ஆசிரியருக்காவது தோன்றினால் உடனே தடுத்துவிடுங்கள். பயறு கொடுத்தது அதற்காகவும்தான்.

ஒன்பதரைக்கு அந்தக் கிளையை ஒருவர் தலைக்கு மேல் பிடியுங்கள். விரிந்த இலை, நல்ல நிழல். பிறகு அதைத் தண்ணீரில்லாமல் முற்றத்து வெயிலில் போடுங்கள். பாட்டு, வகுப்பு, மோர் எல்லாம் முடித்து பதினொன்றரைக்கு எடுத்துவந்தால் இலை துவண்டு தொங்கும். பூச்சி அரித்த ஆமணக்கும் கீழ்க்காற்றும் படம் வரையாமலே விளங்கிவிடும். யோனாவின் எரிச்சலைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார்கள்.

அதற்குப் பிறகு பயறுக் குவளையை அவரவர் கையில் கொடுங்கள். மூன்று இரவு கழிந்திருக்கும். இரண்டு விரற்கடை உயரத்துக்கு முளை எழும்பியிருக்கும். “இதை யாராவது பிடுங்கிப்போட்டால்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். குவளையைப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள். ஒருவர் குவளையையும் உண்மையில் பிடுங்கிக் காட்டவேண்டாம். அப்படிச் செய்கிற உற்சாகமான வாலிபர் எல்லாக் குழுவிலும் ஒருவர் உண்டு. பிறகு 4:10, 11 வாசியுங்கள். யோனா பாடுபட்டு வளர்க்காத செடி அது. நீங்கள் மூன்று நாள் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள். ஒரு செடிக்கே இப்படி என்றால், ஒரு நகரத்துக்கு? “வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத” இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு மேல் அங்கே இருந்தார்கள். பிகினர்ஸைப் பார்த்து “வலது கையைத் தூக்குங்கள்” என்று சொல்லுங்கள்; பாதிப் பேர் இடதைத் தூக்குவார்கள். “உங்களைப்போலப் பிள்ளைகளை நினைத்துத்தான் தேவன் பரிதபித்தார்” என்று சொல்லிவிட்டு, அந்த வசனத்தின் கடைசியில் மிருகஜீவன்களும் இருப்பதைக் காட்டுங்கள். புத்தகம் கேள்வியோடு முடிகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதப்படவில்லை. நீங்களும் பதில் சொல்லாமல் விடுங்கள். “ஆகவே பிள்ளைகளே, இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்னவென்றால்” என்று தொடங்க வாய் துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

வசனம் மனப்பாடம் பற்றி. இன்று நம் பிள்ளைகளில் நிறையப் பேருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க வராது. ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கிறார்கள். “பரிதபியாமலிருப்பேனோ” என்ற சொல்லைப் பலர் முன்னால் வாசிக்கவைத்து யாரையும் கூனிக்குறுகச் செய்யாதீர்கள். காதால் கற்றுக்கொடுங்கள்: ஆசிரியர் ஒரு துண்டு சொல்ல, பிள்ளைகள் திருப்பிச்சொல்ல, கைச்சாடையோடு. சின்னவர்களுக்கு “இரட்சிப்பு கர்த்தருடையது”, இரண்டே சொல். ஜூனியருக்கு மேல் 4:2-லிருந்து “இரக்கமும் மன உருக்கமும் நீடிய சாந்தமும்” என்ற வரி. நாளுக்கு ஒன்று என்று நான்கு வசனம் கொடுத்தால் ஒன்றும் நிற்காது. வசனப் போட்டியும் பரிசும் வேண்டாம். முதல் பரிசு வாங்குவது எப்போதும் ஆசிரியரின் பிள்ளைதான், அது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

பாட்டு மூன்று போதும், நான்கு நாளும் அதே மூன்று. கீபோர்டு வாசிக்கிற தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள்: பிள்ளைகளின் குரல் நடு சி-யிலிருந்து மேல் டி வரைக்கும்தான் சுகமாக ஓடும். பெரியவர்களுக்கு ஏற்றபடி கீழே வைத்தால் பிள்ளைகள் பாடமாட்டார்கள், உறுமுவார்கள். சத்தம் வரவில்லை என்று மைக்கைக் கூட்டுவோம், பிறகு ஒலிபெருக்கி மட்டும்தான் பாடும். முதல் நாள் ட்ராக் போடாமல் கைதட்டலோடு மெதுவாகக் கற்றுக்கொடுத்துவிட்டால் மற்ற நாட்கள் தானாக ஓடும்.

தின்பண்டம் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கையில். அவர்களுக்குக் கணக்குச் சொல்ல நாங்கள் யார். இருந்தாலும் புதிதாகச் செய்கிறவர்களுக்காக: அறுபது பேருக்குச் சுண்டல் என்றால் ஒன்றரைக் கிலோ முதல் இரண்டு கிலோ வரை கடலை, எட்டு மணி நேரம் ஊறவேண்டும். மோர் ஆளுக்கு 150 மில்லி வீதம் ஒன்பது லிட்டர்; மூன்று லிட்டர் தயிர் போதும். குடிதண்ணீர் இருபது லிட்டர் கேன் நாளுக்கு இரண்டு. ஒன்று போதும் என்று நினைத்தால் பதினொரு மணிக்குத் தீரும். முழு வேர்க்கடலை சின்னவர்களுக்குக் கொடுக்கவேண்டாம், தொண்டையில் சிக்கும். கடலை ஒவ்வாத பிள்ளை இருந்தால் பதிவுத்தாளில் தெரியும், ஆனால் அந்தத் தாளைச் சமையல் செய்கிறவர்களிடம் காட்ட யாரும் நினைப்பதில்லை.

கடைசியாக நிறைவு விழா. இதைச் சொன்னால் கமிட்டியில் சிலருக்கு வருத்தம் வரும் என்று தெரியும். பெற்றோர் பார்க்கவேண்டும், காணிக்கை எடுக்கவேண்டும், விருந்தினருக்குச் சால்வை போடவேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேடை என்று அறிவித்த நொடியிலிருந்து இரண்டாம் நாளே ஒத்திகை தொடங்கும். நடனத்துக்குப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், மீதி முப்பத்தெட்டுப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாம் நாள் வகுப்பு நின்றுவிடும், நான்காம் அதிகாரம் மேடைக்குப் பின்னால் எங்கோ காணாமல் போகும். பவனியும் அப்படித்தான், வெயிலில் கோஷம் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம். அதற்குப் பதிலாக ஞாயிறு ஆராதனையில் எட்டு நிமிடம் கொடுங்கள். ஐம்பது பிள்ளைகளும் முன்னால் வந்து ஒரு பாட்டைப் பாடட்டும். சீனியர் பிள்ளை ஒன்று 4:4-ல் உள்ள “நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ” என்ற கேள்வியையும், பிறகு 4:11-ஐயும் சபையைப் பார்த்து வாசிக்கட்டும். பெரியவர்களுக்கும் அது கொஞ்சம் உறைக்கும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நீங்கள் முடிவுசெய்யவேண்டியது இவ்வளவே: செவ்வாய் முதல் வெள்ளி வரை தேதி, ஆலயத்தோடு இரண்டு அறை, ஏழு ஆசிரியர்கள், அவர்களில் குறைந்தது நான்கு பேர் பெண்கள், அந்த வாரம் பாடகர் குழுப் பயிற்சியிலிருந்து அவர்களுக்கு விடுதலை, பாதுகாப்பு விதிகளுக்குப் பொறுப்பாக ஒருவர், அவர் வகுப்பு எடுக்கக்கூடாது. டி-ஷர்ட்டுக்கும் ஃபிளெக்ஸுக்கும் ஒதுக்கியிருக்கிற பணத்தைத் தின்பண்டத்துக்கு மாற்றிவிடுங்கள். ஐந்து சார்ட் தாள், பதினேழு கத்தரி, அறுபது காகிதக் குவளை, ஒரு கட்டுப் பஞ்சு, ஒரு கோணிச்சாக்கு, இரண்டு பழைய சேலை. ஆமணக்கு எந்த வேலியில் நிற்கிறது என்பதை இப்போதே பார்த்துவையுங்கள். சாலை விரிவாக்கத்தில் பல இடங்களில் போய்விட்டது.

கிறிஸ்துவின் பணியில்,
ஞாயிறு பள்ளிப் பாட ஆயத்தத்தில் ஈடுபட்டிருக்கும் ஆசிரியர்கள்